தீவுக்கொரு மீன்கொத்தி

மீன்கொத்தி என்றதும் உங்கள் கண்முன் தோன்றுவது எது? ஏரிக்கரையில், நீரின்மேல் சாய்ந்த கிளை ஒன்றில் அசைவற்று அமர்ந்திருக்கும் நீலப் பறவை. திடீரென்று அது தலைகீழாகப் பாய்ந்து நீரைக் கிழிக்கிறது. மறுகணம் அலகில் ஒரு சிறு மீனுடன் மேலே எழும்புகிறது. பெயரே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது அல்லவா?

ஆனால் அந்தப் பெயர் முழு உண்மையையும் சொல்வதில்லை. உலகில் சுமார் 120 வகை மீன்கொத்திகள் இருக்கின்றன. அவற்றுள் மீனையே நம்பி வாழ்பவை சிறுபான்மைதான். நம் ஊர்களில் மின்கம்பியின்மீது அடிக்கடி காணப்படும் வெண்மார்பு மீன்கொத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். செந்நிறத் தடித்த அலகு, பழுப்புத் தலை, வெண்ணிற மார்பு, பளிச்சிடும் நீல இறக்கை. குளம் குட்டை எதுவும் இல்லாத வயல்வெளியிலும் தோட்டத்திலும் இது இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டுக்கிளி, ஓணான், நண்டு, தவளை ஆகியவை இதற்கு உணவு. கிடைத்தால் மீனும் தின்னும், கிடைக்காவிட்டால் கவலைப்படுவதில்லை.

இந்த வெண்மார்பு மீன்கொத்தியின் தூரத்து உறவினர் கூட்டம் ஒன்று கிழக்கே, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள வெப்பமண்டலக் காடுகளில் வாழ்கிறது. அழகில் ஈடு இணையற்ற அவற்றைச் சொர்க்க மீன்கொத்திகள் என்று அழைக்கிறார்கள். எண்ணிக்கையில் இது சிறிய கூட்டந்தான். ஆனால் உயிரியலின் மிகப் பெரிய வினாக்களுள் ஒன்றுக்கு விடை தேடியவர்கள் இந்தச் சிறிய கூட்டத்தின் வாயிலில் வந்து நின்றார்கள். புதிய உயிரினம் ஒன்று எப்படித் தோன்றுகிறது என்பதே அந்த வினா.

நீருக்கு வராத நீர்த் தேவதைகள்

சொர்க்க மீன்கொத்திகள் அனைத்தும் டானிசிப்டெரா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நீண்ட இறகுடையது என்பது இந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ ஒன்பது சிற்றினங்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஏன் 'ஏறத்தாழ' என்கிறோம்? பறவைகள் கண்ணில் படாததால் அன்று. அவற்றை எங்கே கோடு போட்டுப் பிரிப்பது என்பதில் வல்லுநர்களிடையே ஒற்றுமை இல்லாததால்தான். இந்தக் குழப்பத்துக்குப் பின்னர் வருவோம். நம் கதையின் சாரமே அதில்தான் இருக்கிறது.

இவற்றுள் அதிகமாகக் காணப்படுவது பொதுச் சொர்க்க மீன்கொத்தி. நியூகினிப் பெருந்தீவின் தாழ்நிலக் காடுகளிலும், அதற்கு மேற்கேயுள்ள மொலுக்காஸ் தீவுகளிலும் இது வாழ்கிறது. முதுகும் இறக்கையும் கருநீலம்; உச்சந்தலை வெளிர் நீலம்; வயிறும் மார்பும் தூய வெண்மை; அலகு பவளச் சிவப்பு. ஆனால் பார்ப்பவரை முதலில் கவர்வது இதன் வால்தான். வாலின் நடுவிலுள்ள இரண்டு இறகுகள் மட்டும் மற்றவற்றைத் தாண்டி நாடாப்போல் நீண்டு, நுனியில் ஒரு கரண்டியைப்போல் அகன்று முடிகின்றன. பறவை அமர்ந்திருக்கும்போது அந்த வெண்ணிற நுனிகள் காட்டின் மங்கிய ஒளியில் மெல்ல அசைவதைக் கொண்டே இது இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கலாமாம்.

19ஆம் நூற்றாண்டில் இவற்றுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஐரோப்பியர்கள், இவற்றின் அழகில் மயங்கிக் கிரேக்கப் புராணத்துத் தேவதைகளின் பெயர்களை வாரி வழங்கினார்கள். கலாட்டியா என்பவள் கடல் தேவதை. நயிஸ் என்பது ஊற்றிலும் ஆற்றிலும் வாழும் நீர்த் தேவதையைக் குறிக்கும் சொல். வேடிக்கை என்னவென்றால், இந்த நீர்த் தேவதைகள் நீரில் இறங்கி மீன் பிடிப்பவை அல்ல!

பிறகு எதைத் தின்று வாழ்கின்றன? காட்டின் தரைதான் இவற்றுக்குக் குளம். தரையிலிருந்து சற்று உயரத்தில், இலைகள் மறைத்த ஒரு கிளையில் சொர்க்க மீன்கொத்தி நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருக்கும். கீழே உலர்ந்த சருகுகளுக்கிடையே ஒரு வெட்டுக்கிளியோ, நத்தையோ, சிறு பல்லியோ நகர்ந்தால் போதும். நம் ஊர் மீன்கொத்தி நீரில் பாய்வதைப் போலவே இது சருகின்மேல் பாய்ந்து இரையைக் கவ்விக்கொண்டு கிளைக்குத் திரும்பும். சில வேளைகளில் ஈர மண்ணை அலகால் கிளறி மண்புழுவையும் எடுக்கும்.

இந்த வாழ்க்கை முறையில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரையைத் தேடி இது எங்கும் அலைவதில்லை. நியூகினியில் வாழும் பொதுச் சொர்க்க மீன்கொத்தி, காட்டில் தனக்கென்று ஒரு சிறு எல்லையை வகுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் அதற்குள்ளேயே வாழ்கிறது. அடர்ந்த நிழலை விட்டு வெளியே வர விரும்பாத இத்தகைய பறவைக்குக் கடல் என்பது மிகப் பெரிய மதில்.

கறையான் கட்டிய வீடு

இவை முட்டையிடும் இடமும் விந்தையானது. சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் வழக்கம் மீன்கொத்திகளுக்கு இல்லை. நம் ஊர் மீன்கொத்திகள் ஆற்றங்கரை மண்சுவரிலும் கிணற்றுச் சுவரிலும் வளை தோண்டுகின்றன. சொர்க்க மீன்கொத்திகளோ கறையான் புற்றைத் தேர்ந்தெடுக்கின்றன. சில மரத்தின்மேல் உள்ள கறையான் புற்றையும், சில தரையில் எழும்பிய புற்றையும் நாடுகின்றன.

ஆணும் பெண்ணும் முறை வைத்து அலகால் குத்திக் குத்திப் புற்றில் ஒரு சிறு சுரங்கம் தோண்டி, அதன் முடிவில் ஓர் அறையைக் குடைந்துகொள்கின்றன. கறையான்கள் என்ன செய்யும்? தங்கள் பாதைகள் அறுபட்ட இடங்களை எல்லாம் மண்ணால் பூசி அடைத்துவிட்டு, தங்கள் வேலையைத் தொடரும். இப்படி, பூசி முடித்த சுவர்களைக் கொண்ட அறை ஒன்று பறவைக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது! அதில் மூன்று நான்கு வெண்ணிற முட்டைகள். இருட்டறையில் இருக்கும் முட்டைக்கு நிறம் பூசி மறைக்க வேண்டிய தேவை என்ன?

ஆக, இந்தப் பறவைக்கு இரண்டு தேவைகள் இன்றியமையாதவை: தரையில் சருகு மெத்தையிட்ட நிழற்காடு, அந்தக் காட்டில் கறையான் புற்று. இவை இரண்டும் இல்லாத இடத்தில் சொர்க்க மீன்கொத்தி பெருகி வாழ முடியாது.

அம்போன் தீவில் வாலஸ்

ஆங்கிலேய இயற்கையியலார் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854ஆம் ஆண்டு முதல் 1862ஆம் ஆண்டு வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் சுற்றித் திரிந்து பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். அப்போது மொலுக்காஸ் பகுதியிலுள்ள அம்போன் என்னும் சிறு தீவில் அவருக்குச் சொர்க்க மீன்கொத்தி ஒன்று கிடைத்தது. அதன் வாலைக் கண்டு அவர் வியந்தார். மீன்கொத்தி நீரிலிருந்து மீனை எடுப்பதைப் போலவே இது தரையிலிருந்து பூச்சியையும் நத்தையையும் எடுக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. 1869இல் வெளியான தம் பயண நூலில் இன்னொன்றையும் சுட்டிக்காட்டினார். இந்தப் பறவைகள் மொலுக்காஸ், நியூகினி, வட ஆஸ்திரேலியா என்னும் குறுகிய வட்டத்துக்குள் மட்டுமே உள்ளன. ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆயினும் ஒவ்வோர் இடத்துப் பறவையையும் மற்றவற்றிலிருந்து பிரித்தறிய முடிகிறது என்றார். தீவு மாறினால் பறவையும் சற்று மாறுகிறது.

இதே வாலஸ்தான், உயிரினங்கள் இயற்கைத் தேர்வினால் மாறுகின்றன என்னும் கருத்தைத் தாமாகவே கண்டறிந்து, 1858ஆம் ஆண்டு மொலுக்காஸிலிருந்து சார்லஸ் டார்வினுக்கு எழுதி அனுப்பியவர். அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இருவருடைய கட்டுரைகளும் இலண்டனில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. தீவுக்குத் தீவு மாறும் உயிர்களை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்த்த ஒருவருக்கு, உயிரினங்கள் மாறாதவை என்று நம்புவது கடினமாகத்தானே இருந்திருக்கும்?

ஆனால் ஏன் மாறுகின்றன? ஒவ்வொரு தீவின் தட்பவெப்பமும் வேறு, உணவும் வேறு. அவற்றுக்கு ஏற்றபடி பறவையும் மாறுகிறது என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது என்று காட்டியவர் அடுத்த நூற்றாண்டில் வந்தார்.

மையர் கண்ட புதிர்

எர்ன்ஸ்ட் மையர் ஜெர்மனியில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர். 1928ஆம் ஆண்டு, தம் 23ஆம் வயதில், பறவைகளைச் சேகரிக்க நியூகினிக்குச் சென்றார். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க்கிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பசிபிக் தீவுகளின் பறவைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1942ஆம் ஆண்டு, சிற்றினங்களின் தோற்றத்தைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் உயிரியலின் போக்கையே மாற்றியது. அதிலும், 1954இல் எழுதிய கட்டுரையிலும் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் சொர்க்க மீன்கொத்தி முக்கியமானது.

அவர் கண்ட புதிர் இதுதான். நியூகினி ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள பெருந்தீவு. அதன் ஒரு பகுதியில் ஆண்டு முழுதும் மழை கொட்டுகிறது. தெற்கே சில பகுதிகளில் நீண்ட வறட்சிக் காலம் உண்டு. நடுவில் 4,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மலைத்தொடர் வடக்கையும் தெற்கையும் பிரிக்கிறது. இத்தனை வேறுபாடுகள் இருந்தும், அத்தீவின் தாழ்நிலம் முழுவதும் வாழும் பொதுச் சொர்க்க மீன்கொத்திகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை மூன்று துணைச் சிற்றினங்களாகப் பிரிக்கிறார்கள். அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடோ, அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறியது.

இப்போது நியூகினியின் வடமேற்குக் கரைக்கு வாருங்கள். அங்கே சென்டெரவாசி என்னும் அகன்ற விரிகுடா இருக்கிறது. அதன் வாயிலில் பியாக், நும்ஃபோர் என்னும் தீவுகள் உள்ளன. நும்ஃபோரின் பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெருந்தீவின் கரையிலிருந்து 100 கிலோமீட்டர்கூட இல்லை. மழையும் வெயிலும் எதிர்க்கரையில் உள்ளதைப் போன்றவையே. எனவே பறவையும் அதுபோலத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. நும்ஃபோரின் சொர்க்க மீன்கொத்திக்கு மார்பும் வயிறும் வெண்மையாக இல்லை. அடர்ந்த கருநீலமாக இருக்கின்றன! அருகிலுள்ள பியாக் தீவின் பறவையோ தலையெல்லாம் வெளிர் நீலமாக வேறொரு கோலம் பூண்டிருக்கிறது. இன்னும் மேற்கே, கோஃபியாவ் என்னும் சின்னஞ்சிறு தீவிலுள்ள பறவைக்கு நீல வால் இல்லை. வால் முழுவதும் வெள்ளை. இம்மூன்றும் இன்று தனித்தனிச் சிற்றினங்களாகவே கருதப்படுகின்றன.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில், பலவகைத் தட்பவெப்பங்களில் மாறாத பறவை, ஒரு சிறு கடலைத் தாண்டியதும் உருமாறிவிடுகிறது. மாற்றத்துக்குக் காரணம் தட்பவெப்பம் மட்டுமே என்றால் கதை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

கடலின் ஆழம் சொல்லும் செய்தி

இங்கே ஒரு கேள்வி எழலாம். நியூகினியைச் சுற்றிலும் தீவுகள் பல உள்ளனவே; எல்லாவற்றிலும் இப்படித்தானா? இல்லை. எடுத்துக்காட்டாக, பெருந்தீவின் மேற்கு முனையை ஒட்டியுள்ள சலவாத்தி தீவில் எதிர்க்கரையில் உள்ள அதே பறவைதான் வாழ்கிறது.

இந்த வேறுபாட்டின் காரணத்தைக் கடலின் அடியில் தேட வேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், உலகின் நீரில் பெரும் பங்கு பனிப்பாறைகளாக உறைந்து கிடந்தது. அதனால் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற கடல்கள் அப்போது தரையாயின. ஆஸ்திரேலியாவும் நியூகினியும் ஒரே நிலமாக இணைந்திருந்தன. சலவாத்தியும் அந்த நிலத்தோடு சேர்ந்திருந்தது. பறவைகள் காட்டின் வழியாகவே போய்வந்து ஒன்றோடொன்று கலந்தன.

பியாக், நும்ஃபோர், கோஃபியாவ் ஆகியவற்றைச் சூழ்ந்துள்ள கடலோ ஆழமானது. நீர் 120 மீட்டர் வடிந்தபோதும் அவை தீவுகளாகவே நின்றன. அங்குள்ள சொர்க்க மீன்கொத்திகளின் முன்னோர் எப்போதோ கடலைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். புயற்காற்றில் சிக்கிய ஒரு சில பறவைகள் தீவில் ஒதுங்கியிருக்கலாம். அவ்வளவுதான். அதன்பின் உறவு அறுந்துவிட்டது.

கோலிக்குண்டுச் சோதனை

உறவு அறுந்தால் ஏன் மாற வேண்டும்? மையர் தந்த விளக்கத்தைப் புரிந்துகொள்ள நீங்கள் வீட்டிலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம்.

ஒரு பையில் 50 சிவப்பு, 40 வெள்ளை, 10 நீலம் என 100 கோலிக்குண்டுகளைப் போடுங்கள். நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஆறு குண்டுகளை மட்டும் எடுங்கள். என்னென்ன நிறங்கள் வந்தன என்று குறித்துக்கொண்டு, குண்டுகளை மீண்டும் பையில் போட்டுவிட்டு இன்னொரு முறை எடுங்கள். இப்படிப் பல முறை செய்தால், பாதிக்கும் சற்று மேற்பட்ட முறைகளில் நீலம் ஒன்றுகூட வராததைக் காண்பீர்கள். சில முறை நீலம் இரண்டு வந்து, பத்தில் ஒரு பங்காக இருந்தது மூன்றில் ஒரு பங்காக உயர்ந்துவிடும். ஆறு குண்டுகள் ஒருபோதும் பையின் முழுமையான படத்தைத் தருவதில்லை.

பை என்பது பெருந்தீவின் பறவைக் கூட்டம். குண்டுகளின் நிறங்கள் பறவைகளின் ஜீன்களில் உள்ள வகைகள். ஆறு குண்டுகள் தீவில் ஒதுங்கிய சில பறவைகள். அந்தச் சிலவற்றிடம் இருக்கும் ஜீன்களே தீவின் வருங்காலச் சந்ததிகள் அனைத்துக்கும் முதல். ஒரு கிராமத்தில் முதன்முதலில் குடியேறிய இரண்டொரு குடும்பங்களின் முகச்சாயலே பல தலைமுறைக்குப் பின் ஊர் முழுவதும் தென்படுவதைப் போன்றது இது.

பெருந்தீவில் ஒரு மூலையில் புதிய தன்மை ஒன்று தோன்றினாலும், சுற்றிலும் உள்ள பறவைகளோடு தலைமுறைதோறும் கலந்து அது கரைந்துவிடுகிறது. நதியில் ஊற்றிய ஒரு குடம் சாயம் போல. தீவிலோ கூட்டம் சிறியது. வெளியிலிருந்து வந்து கலக்க எவருமில்லை. கிண்ணத்து நீரில் ஒரு துளி சாயம் போதுமே! ஆகவே கூட்டத்தின் விளிம்பில், ஒதுக்கப்பட்ட சிறு குழுக்களில்தான் புதிய சிற்றினங்கள் விரைவாகத் தோன்றுகின்றன என்றார் மையர்.

இதை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. பழ ஈக்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து வளர்த்துச் செய்த சோதனைகளில், முன்னோர் சிலரே என்னும் காரணத்தால் மட்டும் புதிய சிற்றினம் எளிதில் உருவாகிவிடவில்லை. நெடுங்காலத் தனிமையும், தீவின் சூழ்நிலையில் செயற்படும் இயற்கைத் தேர்வும், துணையைத் தெரிவு செய்வதில் பறவைகள் காட்டும் விருப்பமும் சேர்ந்தே இந்த மாற்றத்தை உண்டாக்கியிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆயினும் மையர் சுட்டிய அடிப்படை உண்மை அசையவில்லை. முதலில் பிரிவு வேண்டும். கலப்பு நின்றாலன்றி வேறுபாடு நிலைப்பது அரிது.

வேறு சிற்றினமா, வேறு சாயலா?

முன்பு ஒத்தி வைத்த குழப்பத்துக்கு இப்போது வருவோம். இரண்டு பறவைக் கூட்டங்கள் ஒரே சிற்றினமா, வேறு வேறா என்பதை எப்படி முடிவு செய்வது? இயற்கையில் அவை சந்திக்கும்போது தம்முள் கலந்து இனம் பெருக்கினால் ஒரே சிற்றினம். கலக்காவிட்டால் வேறு என்பதே மையர் வற்புறுத்திய அளவுகோல். தெளிவான அளவுகோல்தான். ஆனால் நும்ஃபோர்ப் பறவையும் நியூகினிப் பறவையும் சந்திப்பதே இல்லையே! தேர்வு எழுதாத மாணவன் தேறுவானா தவறுவானா என்று எப்படிச் சொல்வது?

இதனால்தான் எண்ணிக்கையில் சிக்கல். வாலஸ் காலத்தில் தனிச் சிற்றினங்களாக எண்ணப்பட்ட மொலுக்காஸ் பறவைகள் பலவற்றைப் பின்னர் வந்தோர் ஒரே சிற்றினத்தின் கிளைகளாக்கினார்கள். மாறாக, நியூ பிரிட்டன் தீவின் கருந்தலைச் சொர்க்க மீன்கொத்தி முன்பு ஆஸ்திரேலியப் பறவையின் கிளையாகக் கருதப்பட்டது. இன்று தனிச் சிற்றினமாகி நிற்கிறது. இது அறிவியலின் குறையன்று. இயற்கை இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் கணக்கை நாம் பாதியில் எட்டிப் பார்க்கிறோம்.

ஓரிடத்தில் மட்டும் இயற்கையே அந்தத் தேர்வை நடத்திக் காட்டியிருக்கிறது. நியூகினியின் தெற்கே ஆரு தீவுகளிலும், எதிரேயுள்ள சமவெளியின் ஒரு பகுதியிலும் சின்னச் சொர்க்க மீன்கொத்தி வாழ்கிறது. அந்தச் சமவெளியில் பொதுச் சொர்க்க மீன்கொத்தியும் உண்டு. இரண்டும் அருகருகே வாழ்ந்தும் கலப்பதில்லை. இதற்கு மையர் தந்த விளக்கம் சுவையானது. அந்தத் தென்பகுதி ஒரு காலத்தில் கடலால் துண்டிக்கப்பட்டுத் தனித் தீவாக இருந்தது. அதில் சிக்கிய பறவைகள் வேறு சிற்றினமாயின. பின்னர் கடல் விலகி நிலம் மீண்டும் ஒன்று சேர்ந்தது. நிலம் சேர்ந்தாலும் பறவைகள் சேரவில்லை என்றார் அவர். நெடுநாள் பிரிந்த உறவினர் மீண்டும் சந்தித்தபோது ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமற்போனதைப் போல.

கடலைத் தாண்டும் ஒரு பறவை

இவ்வளவு கூறிய பின் ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும். இளஞ்சிவந்த மார்புடைய சொர்க்க மீன்கொத்தி ஒன்று ஆண்டுதோறும் நவம்பர் மாதத் தொடக்கத்தில் நியூகினியிலிருந்து புறப்பட்டு, சுமார் 150 கிலோமீட்டர் அகலமுள்ள டாரஸ் நீரிணையைத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரக் காடுகளை அடைகிறது. மழைக்காலம் தொடங்கும் அந்த வேளையில் தரையிலுள்ள கறையான் புற்றுகளில் குடைந்து குஞ்சு பொரிக்கிறது. ஏப்ரலுக்குள், பெரிய பறவைகளும் அந்த ஆண்டில் பிறந்த குஞ்சுகளும் வடக்கே திரும்பிவிடுகின்றன. ஐம்பது கிராம் அளவே எடையுள்ள, அலங்கார வாலைச் சுமந்த பறவை!

அப்படியானால் கடல் மதில் என்று சொன்னது பொய்யா? இல்லை. இந்தப் பறவையும் எங்கு வேண்டுமானாலும் போய்விடவில்லை. பனியுகத்தில் தரையாக இருந்து, பின்னர் நீரில் மூழ்கிய பாதையின் வழியே, ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கே போய்வருகிறது. கூட்டமாக ஆண்டுதோறும் வலசை போவதும், வழி தவறிய சில பறவைகள் தனித்தீவில் சிக்கிக்கொள்வதும் ஒன்றல்ல.

நம் வீட்டுக் கம்பியில்

இந்தப் பாடத்தைப் படிக்க நியூகினிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. தொடக்கத்தில் சொன்ன நம் வெண்மார்பு மீன்கொத்தி மேற்கே துருக்கி தொடங்கி இந்தியா வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. இத்தனை நீண்ட நிலப்பரப்பிலும் அதன் வெள்ளை மார்பு மாறுவதில்லை. ஆனால் அந்தமான் தீவுகளில் அதன் பழுப்பு நிறம் கருத்துத் தோன்றுகிறது. இன்னும் தொலைவில், பிலிப்பைன்ஸ் தீவுகளில், மார்பும் பழுப்பாகி, தொண்டையில் மட்டும் வெண்மை எஞ்சியிருக்கிறது. அதைத் தனிச் சிற்றினமாகவே பலர் இன்று கொள்கிறார்கள். நிலத்தில் ஒன்றுபோல், தீவில் வேறுபோல். அதே கதை.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் பறவை வயலிலும் தோட்டத்திலும் நகரத்திலும் வாழக் கற்றுக்கொண்டது. சொர்க்க மீன்கொத்திக்கு அந்தத் திறமை இல்லை. நிழலும் சருகும் கறையான் புற்றும் போனால் அதுவும் போய்விடும். நியூ பிரிட்டனின் தாழ்நிலக் காடுகளில் பெரும் பகுதி எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகிவிட்டது. குயின்ஸ்லாந்தின் கரையோரச் சமவெளியில் கரும்பு வயல்களுக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய மழைக்காடுகளின் ஒரு பகுதி 1988ஆம் ஆண்டில்தான் உலகப் பாரம்பரியப் பகுதியாகக் காப்புப் பெற்றது.

பெருந்தீவில் ஒரு காடு அழிந்தால், அதே பறவை அடுத்த காட்டில் இருக்கும். நும்ஃபோரில் காடு அழிந்தால் அடுத்த காடு ஏது? எந்தத் தனிமை அந்தப் பறவையைப் புதிதாக ஆக்கியதோ, அதே தனிமை அதற்குத் தப்பிக்க இடமில்லாமலும் செய்துவிட்டது. அழிவது ஓர் அழகிய பறவை மட்டுமன்று. உயிரினங்கள் எப்படிப் பிறக்கின்றன என்னும் நூலில், வேறு படி எங்கும் இல்லாத ஒரு பக்கமும் அதனுடன் கிழிந்து போகிறது.

நாளைக் காலை உங்கள் தெருவின் மின்கம்பியில் ஒரு மீன்கொத்தியைக் கண்டால் சற்று நின்று அதன் மார்பைப் பாருங்கள். துருக்கியிலும் அது வெள்ளைதான். கடலுக்கு அப்பால் எங்கோ ஒரு தீவில் அது பழுப்பு; இன்னொரு தீவில் அதன் தூரத்து உறவினருக்குக் கருநீலம். அந்த நிறங்களுக்கிடையே இருப்பது வெறும் தண்ணீரும் காலமும்தான்.